திரும்பி வந்த செக்: முதல் 30 நாளுக்கு மன்னிப்பு இல்லை!

கருவடிக்குப்பத்தில் ஒரு இட்லிக் கடை. கடையை நடத்துகிறவர் ஒரு அக்கா. விடியற்காலை 4 மணிக்கே அடுப்பு மூட்டிவிடுவார்.

கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் ஒரு பெரிய கட்டடம் எழும்புகிறது. அங்கே இருபது வேலையாட்கள். அவர்களுக்குக் காலைப் பலகாரமும் மதியச் சாப்பாடும் அக்கா கடையிலிருந்துதான் போகிறது. கணக்கு காண்டிராக்டர் பேரில்.

ஆறு மாதம் ஓடியது. பாக்கி 1 லட்சத்து 80 ஆயிரம் ரூபாய் ஆகிவிட்டது!

காண்டிராக்டர் ஒரு செக் கொடுத்தார். மார்ச் 1-ந் தேதி போட்ட செக். அக்கா அதைப் பாங்கியில் போட்டார். 3-ந் தேதி செக் திரும்பி வந்தது. கூடவே ஒரு துண்டுச் சீட்டு. அதில் இங்கிலீசில் ஒரு வரி. "கணக்கில் போதிய பணம் இல்லை" என்று அதற்கு அர்த்தம்.

அக்கா போன் செய்தார்.

"அக்கா, பில்லு பாஸ் ஆகலே. ஒரு பத்து நாள் பொறுத்துக்குங்க. நான் எங்கே ஓடிப் போகப் போறேன்?" என்றார் காண்டிராக்டர்.

அக்கா பொறுத்தார். பத்து நாள் போயிற்று. இன்னும் பத்து நாள் கேட்டார். பிறகு, "பங்குனி உத்திரம் போகட்டும் அக்கா" என்றார்.

உத்திரமும் போயிற்று. பணம் வரவில்லை. அக்கா போலீசு நிலையத்துக்குப் போனார். "செக் விஷயமா? அது கோர்ட்டு விஷயம் அம்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

ஏப்ரல் 10-ந் தேதி அக்கா ஒரு வக்கீல் வீட்டுப் படி ஏறினார். வக்கீல் துண்டுச் சீட்டில் உள்ள தேதியைப் பார்த்தார். விரல் விட்டு எண்ணினார்.

"எட்டு நாள் பிந்தி வந்திருக்கிறீர்களே அம்மா!" என்றார்.

இந்த அக்கா நான் கற்பனை செய்தவர். அப்படி ஒரு கடையும் இல்லை, காண்டிராக்டரும் இல்லை. ஆனால் எந்த ஊர் வக்கீலைக் கேட்டாலும், "இப்படி வருகிறவர்கள் உண்டு" என்றுதான் சொல்வார். வீட்டில் செக் வாங்குகிறவர்கள், கொடுக்கிறவர்கள் எல்லோரும் அந்த எட்டு நாள் என்ன என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

மூன்று கெடு

செக் பற்றிய சட்டம் 1881-ம் ஆண்டுச் சட்டம். மாற்றுமுறை ஆவணச் சட்டம் என்று பெயர். அது பிறந்தபோது கருவடிக்குப்பம் பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் இருந்தது. 1954 நவம்பர் 1-ந் தேதி புதுச்சேரி இந்தியாவோடு சேர்ந்த பிறகுதான் இந்தியச் சட்டங்கள் ஒவ்வொன்றாக இங்கே வந்தன.

பணம் இல்லாமல் செக் கொடுப்பதைக் குற்றமாக்கியது பிற்பாடுதான். அந்தத் திருத்தம் 1989 ஏப்ரல் 1-ந் தேதி அமுலுக்கு வந்தது. 138-வது பிரிவு என்று வக்கீல்கள் வாய்க்கு வாய் சொல்வது இதைத்தான். குற்றம் ருசுவானால் 2 ஆண்டு வரை சிறை. அல்லது செக் தொகையைப் போல் இரண்டு மடங்கு வரை அபராதம். இரண்டும் சேர்ந்தும் விதிக்கலாம்.

இந்தக் குற்றத்துக்குப் போலீசில் புகார் கொடுத்துப் பயன் இல்லை. பணம் வரவேண்டியவர் நேரே மாஜிஸ்திரேட்டு கோர்ட்டில் எழுத்து மூலம் புகார் கொடுக்க வேண்டும். எந்த ஊர் கோர்ட்டு? நீங்கள் செக்கைப் போட்ட உங்கள் பாங்கிக் கிளை எந்த ஊரில் இருக்கிறதோ அந்த ஊர். 2015-ல் வந்த திருத்தம் இது. காண்டிராக்டரின் கணக்கு சென்னையில் இருந்தாலும் அக்கா சென்னைக்கு அலைய வேண்டாம். புதுச்சேரியிலேயே வழக்குப் போடலாம்.

அதற்கு முன்னால் மூன்று கெடு இருக்கிறது.

செக் திரும்பிய செய்தி பாங்கியிலிருந்து வந்த நாள் முதல் 30 நாளுக்குள், "பணத்தைக் கொடு" என்று செக் கொடுத்தவருக்கு நோட்டீசு அனுப்ப வேண்டும். வாயால் கேட்டால் போதாது. எழுத்தில் கேட்க வேண்டும்.

நோட்டீசு கிடைத்த நாளிலிருந்து அவருக்கு 15 நாள் அவகாசம். அதற்குள் கொடுத்துவிட்டால் குற்றமே இல்லை.

15 நாள் கடந்தும் கொடுக்காவிட்டால், அன்று முதல் ஒரு மாதத்துக்குள் கோர்ட்டில் புகார் கொடுக்க வேண்டும்.

அக்கா கணக்கைப் போட்டுப் பாருங்கள். செக் திரும்பியது மார்ச் 3. அந்த நாளைத் தள்ளிவிட்டு 4-ந் தேதியிலிருந்து எண்ணினால் ஏப்ரல் 2-ந் தேதியோடு 30 நாள் முடிகிறது. அவர் மட்டும் மார்ச் 28-ல் நோட்டீசு அனுப்பி, அது 31-ந் தேதி போய்ச் சேர்ந்திருந்தால், காண்டிராக்டருக்கு ஏப்ரல் 15 வரை அவகாசம். 16-ந் தேதி வழக்குப் போடும் உரிமை பிறக்கும். மே 16-ந் தேதி வரை புகார் கொடுக்கலாம்.

உரிமை பிறக்கும் அந்த முதல் நாளை எண்ண வேண்டுமா, தள்ள வேண்டுமா? இந்த ஒரு நாளுக்காகவே சுப்ரீம் கோர்ட்டு வரை சண்டை நடந்திருக்கிறது! சாகேத் இந்தியா கம்பெனி வழக்கில் அக்டோபர் 15-ல் உரிமை பிறந்தது. நவம்பர் 15-ல் புகார் கொடுத்தார்கள். "முதல் நாளை எண்ணாதே, புகார் காலத்துக்குள்தான் வந்திருக்கிறது" என்று 1999-ல் தீர்ப்பு வந்தது. 2013-ல் மூன்று நீதிபதிகள் அதையே உறுதி செய்தார்கள். ஒரு நாளுக்கு அவ்வளவு விலை!

மன்னிப்பு எங்கே இருக்கிறது?

1989 முதல் 2003 வரை இந்தச் சட்டத்தில் மன்னிப்பு என்ற பேச்சே இல்லை. ஒரு மாதக் கெடு ஒரு நாள் தவறினாலும் புகார் செத்தது. ஆஸ்பத்திரியில் கிடந்தேன் என்றாலும், வீட்டில் சாவு என்றாலும் கோர்ட்டு காது கொடுக்க வழி இல்லை.

2002-ல் பார்லிமெண்டு ஒரு திருத்தம் செய்தது. 2003 பிப்ரவரி 6-ந் தேதி அது அமுலுக்கு வந்தது. ஒரு மாதம் கடந்து வந்தாலும், தாமதத்துக்குத் தக்க காரணம் இருந்ததாகக் கோர்ட்டுக்குத் திருப்தி ஏற்பட்டால் புகாரை எடுத்துக்கொள்ளலாம் என்று சேர்த்தார்கள். அதுவரை 15 நாளாக இருந்த நோட்டீசுக் கெடு அப்போதுதான் 30 நாள் ஆயிற்று.

டெல்லியில் நடந்த ஒரு வழக்கு. புகார் பிந்தி வந்தது. மன்னிக்கும்படி மனுவும் போடவில்லை. ஐகோர்ட்டு வழக்கையே ரத்து செய்தது. 2014-ல் சுப்ரீம் கோர்ட்டு குறுக்கிட்டது. "பணம் வரவேண்டியவருக்கு மன்னிப்புக் கேட்க ஒரு சந்தர்ப்பம் கொடுங்கள்" என்று திருப்பி அனுப்பியது. நல்ல தீர்ப்பு.

ஆனால் இந்த மன்னிப்பு மூன்றாவது கெடுவுக்கு மட்டுமே! முதல் கெடுவுக்கு, அதாவது நோட்டீசு அனுப்பும் அந்த 30 நாளுக்குச் சட்டத்தில் மன்னிப்பு கிடையாது. 31-வது நாள் நோட்டீசு அனுப்பினால் மாஜிஸ்திரேட்டு இரக்கப்பட்டாலும் ஒன்றும் செய்ய முடியாது.

இது தலைகீழ் நியாயம் என்பது என் அபிப்பிராயம்.

யோசித்துப் பாருங்கள். மூன்றாவது கெடு ஓடும்போது பணம் வரவேண்டியவர் பெரும்பாலும் வக்கீலிடம் போய்ச் சேர்ந்துவிடுகிறார். நாளை எண்ணுவது வக்கீல் குமாஸ்தாவின் வேலை. அங்கே தவறு நடந்தால் மன்னிப்பு உண்டு. முதல் கெடு ஓடும்போது அவர் கையில் என்ன இருக்கிறது? திரும்பி வந்த செக்கும், இங்கிலீசில் ஒரு துண்டுச் சீட்டும்தான். பக்கத்தில் ஆள் இல்லை. கெடு ஒன்று ஓடுகிறது என்பதே தெரியாது. எதிரே கடன்காரர் "பத்து நாள், பத்து நாள்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். தெரியாமல் தவறுகிற இடத்தில் மன்னிப்பு இல்லை!

முதல் கெடுவை மன்னிக்கவே முடியாதா? ஒரு தடவை மன்னித்திருக்கிறார்கள். கொரோனா காலத்தில் சுப்ரீம் கோர்ட்டு தானாகவே ஒரு உத்தரவு போட்டது. 2020 மார்ச் 15 முதல் 2022 பிப்ரவரி 28 வரை உள்ள நாட்களைக் கெடுவில் எண்ண வேண்டாம் என்றது. செக் நோட்டீசுக் கெடுவும் அதில் சேர்ந்தது. நாடே முடங்கிய நேரம். அது நியாயம்தான். ஆனால் ஒரு வீட்டில் மட்டும் நோய் வந்து அந்த வீடு மட்டும் முடங்கினால்? அந்த வீட்டுக்கும் நாள் நின்றுதானே போகிறது? பார்லிமெண்டு அடுத்த தடவை இந்தச் சட்டத்தைத் தொடும்போது முதல் கெடுவுக்கும் ஒரு சிறு வாசல் வைக்க வேண்டும்.

யாருடைய தாமதம்?

மன்னிப்பு என்றால் கண்ணை மூடிக்கொண்டு மன்னிப்பது அல்ல.

1987-ல் காசுமீரத்து அனந்தநாக் நிலம் எடுப்புக் கலெக்டர் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு ஒரு வழி காட்டியது. ஒவ்வொரு நாள் தாமதத்துக்கும் காரணம் சொல் என்று பிடிவாதம் பிடித்தால், ஒவ்வொரு மணிக்கும், ஒவ்வொரு விநாடிக்கும் காரணம் கேட்க வேண்டியதுதானே என்று கேட்டது. 1998-ல் நம் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில் 883 நாள் தாமதத்தை மன்னித்தது. வக்கீலை நம்பி இருந்தவர் அவர். எத்தனை நாள் என்பது முக்கியம் அல்ல, சொல்லும் காரணம் ஏற்கத்தக்கதா என்று பார் என்றது. இரண்டும் செக் வழக்கு அல்ல. ஆனால் மன்னிப்பு மனு வரும் கோர்ட்டுகளில் எல்லாம் இந்த இரண்டு தீர்ப்பும் பேசப்படுகின்றன.

அதே சுப்ரீம் கோர்ட்டு 2012-ல் தபால் இலாகாவின் 427 நாள் தாமதத்தை மன்னிக்க மறுத்துவிட்டது. பைல் ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்குப் போனது என்ற பழைய பாட்டு எடுபடவில்லை. ஆளும் அம்பும் உள்ள இடத்துக்கு அந்தச் சால்ஜாப்பு எதற்கு?

இதைத்தான் செக் வழக்கிலும் பார்க்க வேண்டும். வழக்குக்கென்றே தனி ஆபீசு வைத்திருக்கும் ஒரு பைனான்சு கம்பெனி, "எங்கள் ஆபீசில் காகிதம் தவறிவிட்டது" என்று வந்தால் மாஜிஸ்திரேட்டு கடுமையாக இருக்கட்டும். ஓர் இட்லிக் கடை அக்கா, "அவர்தான் பொறுக்கச் சொன்னார், பொறுத்தேன்" என்று வந்தால் காது கொடுக்கட்டும். கெஞ்சி நாளைக் கடத்தியவரே பிறகு கோர்ட்டில் எழுந்து நின்று, "நாள் கடந்துவிட்டது சாமி" என்றால், அது எந்த ஊர் நியாயம்? தன் பேச்சால் வந்த தாமதத்தின் லாபம் அவருக்குப் போகக்கூடாது.

இதற்குச் சாட்சி வேண்டும். போனில் வந்த செய்திகளை அழித்துவிடாதீர்கள். நோயாளி என்றால் டாக்டர் சீட்டை வைத்திருங்கள். மனுவில் எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை ஏன் வர முடியவில்லை என்று எழுதச் சொல்லுங்கள். "சொந்தக் காரணங்களால்" என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தால் எந்த நீதிபதிக்குத் திருப்தி வரும்?

எதிர்த்தரப்பையும் மறந்துவிடக் கூடாது. கெடுவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கந்து வட்டிக்காரர்கள் என்ன செய்கிறார்கள்? கடன் கொடுக்கும்போதே கையெழுத்துப் போட்ட வெற்றுச் செக்கை வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொள்கிறார்கள். கடனைக் கட்டிய பிறகும் அந்தச் செக் திரும்பி வராத வீடுகள் உண்டு. அப்படிப்பட்டவர் இஷ்டப்பட்டபோது வழக்குப் போடலாம் என்றால் ஏழை வீட்டில் தூக்கம் ஏது? கெடு அந்த ஏழைக்கும் ஒரு வேலிதான். ஆகவே, மன்னிப்புக் கொடுக்குமுன் செக் கொடுத்தவரையும் கூப்பிட்டுக் கேட்க வேண்டும். ஒருவருக்குத் தெரியாமலே தாமதத்தை மன்னித்து அவர்மீது வழக்கை எடுப்பது தவறு என்று 1995-ல் மகாராஷ்டிர வழக்கு ஒன்றில் சுப்ரீம் கோர்ட்டு சொன்னது. அதுவும் சரியே.

பாங்கி என்ன செய்யலாம்?

நம் ஊரை ஆண்ட பிரான்சு நாட்டில் பணம் இல்லாத செக் கொடுப்பது ஒரு காலத்தில் சிறைக் குற்றம். 1991-ல் போட்ட சட்டத்தால் அதை மாற்றிவிட்டார்கள். இப்போது அங்கே செக் கொடுத்தவர் பணத்தைக் கட்டிச் சரி செய்யாவிட்டால் 5 ஆண்டு வரை செக் எழுதவே முடியாது. எந்தப் பாங்கியிலும் முடியாது! கண்டிக்கும் வேலையை அங்கே பாங்கி செய்கிறது. இங்கே எல்லாம் செக் வாங்கியவர் தலையில்.

2019 கடைசியில் நாட்டில் நிலுவையில் இருந்த கிரிமினல் வழக்குகள் 2 கோடியே 31 லட்சம். அதில் செக் வழக்கு மட்டும் 35 லட்சத்துக்கு மேல். 2021-ல் சுப்ரீம் கோர்ட்டே சொன்ன கணக்கு இது. இத்தனை செக்கும் ஏதோ ஒரு பாங்கியிலிருந்து துண்டுச் சீட்டோடு திரும்பி வந்தவைதான்.

அந்தச் சீட்டில் இரண்டு வரி சேர்த்தால் என்ன? சட்டத் திருத்தம் வேண்டியதில்லை. ரிசர்வ் பாங்கி ஒரு சுற்றறிக்கை விட்டால் போதும். சிகரெட்டுப் பெட்டியில் எச்சரிக்கை அச்சிடுகிறோம். செக் சீட்டில் முடியாதா? அந்தந்த ஊர் மொழியில் வேண்டும். புதுச்சேரியில் தமிழில்:

"உங்கள் செக் திரும்பிவிட்டது. செக் கொடுத்தவருக்கு 30 நாளுக்குள் எழுத்து மூலம் நோட்டீசு அனுப்புங்கள்; பிந்தினால் இந்தச் சீட்டை வைத்துக் கிரிமினல் வழக்குப் போட முடியாது."

வக்கீல் வைக்க வசதி இல்லாதவர்கள் நீதிமன்றத்தில் உள்ள இலவச சட்ட உதவி மையத்துக்குப் போகலாம். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச சட்ட உதவி உண்டு. அதையும் சீட்டில் ஒரு வரியாகப் போட்டால் புண்ணியம்.

அக்கா என்ன செய்தார்?

எட்டு நாள் பிந்தி வந்த அக்காவை வக்கீல் வெறுங்கையோடு அனுப்பவில்லை. செக்கில் உள்ள தேதியைப் பார்த்தார். மார்ச் 1. செக்குக்கு உயிர் மூன்று மாதம். (2012 ஏப்ரல் வரை ஆறு மாதமாக இருந்தது. ரிசர்வ் பாங்கி குறைத்துவிட்டது.) ஆகவே மே மாதக் கடைசி வரை அந்தச் செக்கை மறுபடி பாங்கியில் போடலாம். மறுபடி திரும்பினால் புதிதாக 30 நாள் பிறக்கும்!

இந்த வழியைத் திறந்தது நம் தமிழ்நாட்டு வழக்குதான். எம்.எஸ்.ஆர். லெதர்ஸ் என்ற தோல் கம்பெனி 1996-ல் வாங்கிய செக்குகள் பற்றிய வழக்கு. ஒரு தடவை நோட்டீசு விட்டு வழக்குப் போடாமல் இருந்துவிட்டால், பிறகு செக்கை மறுபடி போட்டு வழக்குத் தொடர முடியாது என்று 1998-ல் ஒரு தீர்ப்பு இருந்தது. 2012-ல் மூன்று நீதிபதிகள் அதை மாற்றினார்கள். செக்குக்கு உயிர் இருக்கும் வரை மறுபடி போடலாம், திரும்பினால் மறுபடி நோட்டீசு விடலாம், வழக்கும் போடலாம் என்றார்கள்.

அக்கா ஜூன் மாதம் வந்திருந்தால் இந்த வழியும் அடைபட்டிருக்கும். அப்போதும் கடன் செத்துவிடாது. 3 ஆண்டுக்குள் சிவில் கோர்ட்டில் பணத்துக்கு வழக்குப் போடலாம். ஆனால் அதற்குக் கோர்ட்டுக் கட்டணம் கட்ட வேண்டும். ஜெயில் பயம் எதிராளிக்கு இராது.

செக் மறுபடி பாங்கிக்குப் போயிற்று. ஏப்ரல் 16-ந் தேதி அதே வரியோடு திரும்பி வந்தது. 18-ந் தேதி வக்கீல் நோட்டீசு ஸ்பீடு போஸ்ட்டில் போயிற்று. சரியான விலாசத்துக்கு அனுப்பிவிட்டால், "வாங்க மறுத்தார்", "கதவு பூட்டியிருந்தது" என்று தபால் திரும்பினாலும் சேர்ந்ததாகவே கொள்ளலாம் என்று 2007-லேயே தீர்ப்பு இருக்கிறது.

25-ந் தேதி காண்டிராக்டர் போன் செய்தார்.

"என்ன அக்கா, நோட்டீசெல்லாம் விட்டிருக்கீங்க? ஒரு பத்து நாள் கேட்டேனே?"

"சட்டமே உனக்குப் பதினைந்து நாள் கொடுத்திருக்கு தம்பி. எண்ணிக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றார் அக்கா.